வலது கைப்பிடி

கண்ணு, இந்தக் கடிதத்தில் வரிகள் கீழ்நோக்கிச் சரிந்திருப்பதைப் பார்த்துப் பதறாதே. வலது கையால் எழுதுகிறேன், அவ்வளவுதான். தினமும் கொஞ்சம் எழுதினால் விரலுக்கு நல்லது என்று எஸ்தர் நர்சம்மா சொன்னார். என்னத்தை எழுதுவது என்று கேட்டேன். "யாருக்காவது சொல்லாம வெச்சிருப்பீங்கல்ல, அதை எழுதுங்க ஐயா" என்றார். சனிக்கிழமை நீ ஓசூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். வந்ததும் இதை உன் கையில் கொடுப்பேன். இங்கேயே உட்கார்ந்து படித்துவிடு. காரில் படிக்காதே. மலைப்பாதை வளைவில் புத்தகத்தைத் திறந்தாலே உனக்குக் குமட்டும், பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து உன் பைக்குள் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பியவன் நான். போனில் நீ கேட்டதற்கெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னேனே, அது பொய். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். படித்துவிட்டு நீ சிரிப்பாயா திட்டுவாயா என்று எனக்குத் தெரியவில்லை.

நம் மேட்டு நிலத்துத் துண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். டிராக்டர் திரும்ப இடமில்லாத படிக்காடு அது. மாடு கட்டி உழுதால் மாடு அடுத்த படியில் போய் நிற்கும். அதற்காகத்தான் கையால் தள்ளி ஓட்டும் பவர் வீடர் வாங்கினோம். அதோடு கடையில் கொடுத்த கத்திகள் நம் கல்லுமண்ணில் ஒரே பருவத்தில் தேய்ந்து கரண்டி மாதிரி ஆகிவிட்டன. கல்யாணத்துக்கு முன்னால் நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் கற்றுக்கொண்ட வெல்டிங் அப்போது கைகொடுத்தது. பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனால் உன் அம்மா கொத்தமல்லியும் கடுகும் வாங்குவாள், நான் பழைய இரும்பு வாங்குவேன். லாரிச் சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வருமே அந்தப் பட்டையை வெட்டி, தீயில் பழுக்கவைத்து வளைத்து, ஐந்து கொழு வைத்த கலப்பை ஒன்று செய்தேன். கட்டி உடைக்கப் பழைய சைக்கிள் ரிம்களைச் சேர்த்து ஓர் உருளை. கல் பொறுக்கக் கட்டடக் கம்பியில் ஒரு சீப்பு. குச்சிக்கிழங்குக்கு மண் அணைக்கத் தகர டிரம்மைப் பிளந்து ஒரு றெக்கை. எல்லாம் மிஷினுக்குப் பின்னால் ஒரே ஆணியில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி. லீவுக்கு வந்த நீ, "அப்பா மிஷினுக்கு நகை செஞ்சு போடறாருங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாய்.

செய்தது நான், ஓட்டியது உன் அம்மா. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டே நடப்பேனாம், மிஷினை என்னிடம் தரமாட்டாள். வேலை முடிந்து மிஷினை நிறுத்தியதும், வரப்புக் கல்லின் மேல் வைத்திருக்கும் ஓர் இரும்புத் துண்டை எடுத்து, கொழுவில் ஒட்டிய களிமண் உதிர இரண்டு தட்டு தட்டுவாள். டங், டங். அது சமையற்கட்டில் எனக்குக் கேட்கும். கேட்டவுடன் நான் அடுப்பைப் பற்றவைத்து டீ போட வேண்டும். எங்கள் குடித்தனத்தில் பேச்சே இல்லாமல் நடந்த ஒரே காரியம் அதுதான்.

மிளகு பறிக்கும்போது சவுக்குமரத்தில் சாத்திய ஏணியிலிருந்து அவள் விழுந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது கல்லூரியில் படித்தாய். எலும்பு கூடிவிட்டது, ஆனால் வலது தோளில் பழைய பலம் வரவே இல்லை. இடது கை இழுக்கும், வலது கை விட்டுக்கொடுக்கும். மிஷின் இடது பக்கமாக ஓடும். உழுத சால் எல்லாம் வாழைப்பழம் போல வளைந்து கிடந்தது. கீழ்ப்படியில் இருக்கும் சடையண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "ஏம் புள்ள, பாம்பு ஓட்டுச்சா நீ ஓட்டுனியா?" என்று கேட்டுவிட்டார். அன்று ராத்திரி அவள் சோறே தின்னவில்லை. மலையிறங்கிப் போய் டாக்டரிடம் தோளைக் காட்டலாம் என்றேன். "ஏனுங்க, எந் தோளு எப்படியோ போவுது. சாலு நேரா வரணும். அதுக்கு வழியப் பாருங்க" என்றாள். பார்த்தேன். வலது ஓரத்துக் கொழுவை மட்டும் கழற்றி, மற்றதைவிட ஒரு விரற்கடை நீளமாக வேறொன்று செய்து வைத்தேன். அது அந்தப் பக்கம் ஆழமாகப் பதிந்து மிஷினை வலது பக்கம் இழுக்கும். அவள் கை இடது பக்கம் இழுக்கும். இரண்டும் சேர்ந்து சால் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. சடையண்ணனைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் அன்று குளித்தாள்.

அந்தக் கலப்பை அவள் ஒருத்திக்கென்றே ஆகிவிட்டது. கை நன்றாக இருக்கிற யார் ஓட்டினாலும் மிஷின் வலது பக்கம் திரும்பி, துண்டின் ஓரத்துப் பலாமரத்தைப் பார்த்து ஓடும். போன வருஷம் அவள் போன பிறகு நான் ஓட்டிப் பார்த்தேன், மரத்தில் போய் நின்றது. சடையண்ணன் மகன் ஓட்டினான், அவனும் மரத்தில்தான் நிறுத்தினான். அந்தத் துண்டின் ஓரத்திலேயே அவளை அடக்கம் பண்ணினோம். கையில் புழங்கிய பொருள் ஒன்றை உடன் வைப்பது நம் வீட்டு வழக்கம் என்பதால், அந்த இரும்புத் துண்டை நானே அவள் உள்ளங்கையில் வைத்தேன். நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். கலப்பையைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டேன்.

இந்தக் கார்த்திகையில் மழை விட்டதும் துண்டு சும்மா கிடக்கிறதே என்று மனசு அரித்தது. பீன்ஸ் போடலாம் என்று நினைத்தேன். நீளக் கொழுவை வெட்டிச் சமமாக்கினால் கலப்பை மறுபடி எல்லோருக்கும் ஆகும். வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, ஒரே தடவை, மாட்டி ஓட்டிப் பார்ப்போம் என்று தோன்றியது. மத்தியானம் சோறு தின்றுவிட்டுப் போனேன். பாதிச் சால் போவதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. மிஷினின் முன்பக்கம் தெரிந்தது, அதற்கு அப்பால் வெள்ளைதான். எந்த நேரமும் பலாமரத்தில் இடிக்கும் என்று கையைத் தயாராக வைத்துக்கொண்டு நடந்தேன். மரம் வரவில்லை. நடந்துகொண்டே இருந்தேன். காலில் வந்து முட்டியது வரப்புக் கல். சாலின் அந்தக் கடைசிக்கு வந்திருந்தேன். மிஷினை நிறுத்திவிட்டுச் சால் ஓரமாகவே குனிந்து திரும்பி வந்தேன். ஆரம்பித்த இடம் வரைக்கும் நேர்கோடு.

அதைவிடச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஓட்டும்போது என் இடது கை கைப்பிடியைப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது. வலது கைப்பிடியிலும் ஒரு கை இருந்தது. அது என்னுடையது என்று எனக்குத் தோன்றவில்லை, கண்ணு. கண்ணால் பார்த்தால் என் சட்டைக்கைதான். ஆனால் இன்னொரு ஆள் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. பிறகு மண்ணைப் பார்த்தேன். புதுசாக உழுத மண்ணில் இடது காலின் தடம் ஒழுங்காகப் பதிந்திருந்தது. அது என் தடம். வலது பக்கத் தடம் அப்படி இல்லை. விரலை இழுத்து இழுத்து நடந்த தடம். உன் அம்மா செருப்பை இழுத்துக்கொண்டு நடப்பாளே, அப்படி.

ஓட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் யாரைப் பார்த்து ஓடுவது? அவளைப் பார்த்தா? அங்கேயே உட்கார்ந்து, "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டேன். மறுநாள் மத்தியானமும் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். பனி இறங்குகிற நேரம் பார்த்துத்தான் போவேன், வெயிலில் போக மனசில்லை. ஒவ்வொரு சாலும் நேராக வந்தது. பீன்ஸ் விதையைக்கூட மறந்துவிட்டேன். முழுத் துண்டையும் ஓட்டி முடித்து, சைக்கிள் ரிம் உருளையால் சமப்படுத்தி, மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். ஓட்டும்போது பேசிக்கொண்டே போனேன். உனக்கு வந்த பதவி உயர்வு, நம் பலா இந்த வருஷம் காய்க்காதது, சடையண்ணன் பல் கட்டிக்கொண்டது என்று எல்லாம் சொன்னேன். பயம் இருந்தது. பயத்தோடு சேர்ந்து ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை யாரிடமும் பங்கு போட எனக்கு விருப்பம் இல்லை. உன்னிடம்கூட.

ஒரு நாள் சடையண்ணன் ரோட்டில் வழி மறித்தார். முகம் சரியில்லை.

"தம்பி, உங்கூட்டுக்கு யாரு வந்திருக்கறாங்க?"

"யாரும் இல்லீங்களே."

"நேத்து பனிக்குள்ள மிஷினு பின்னால ரெண்டு பேரு போன மாதிரி இருந்துச்சு. ஒரு ஆளு நிமிந்து நடக்குது. ஒரு ஆளு சாஞ்சு சாஞ்சு நடக்குது." கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "ஒரு சேவல வாங்கி அந்தக் காட்டுல காவு குடுத்துரு சாமி. போனவங்கள இழுத்து வெச்சுக்கிட்டிருக்கக் கூடாது."

சரிங்கண்ணா என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். சேவல் கொடுத்தால் அவள் போய்விடுவாளே. அன்றைக்கே கலப்பையில் கொழுக்களைப் பிடித்திருக்கும் ஆணிகளை எல்லாம் இன்னும் இறுக்கினேன்.

அந்த நாட்களில்தான் நீ போனில், "ஏனுங்கப்பா, பேச்சு கொழகொழன்னு வருது?" என்று கேட்டாய். வெற்றிலை என்றேன். நான் வெற்றிலை போடுவதில்லை என்பதை நீ எப்படி மறந்தாய் என்று போனை வைத்த பிறகு யோசித்தேன். ஒரு தடவை கொதிக்கிற டீ டம்ளரை வலது கையில் பிடித்துக்கொண்டு சடையண்ணனோடு பேசி முடித்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் விரல்களில் கொப்புளம். சுட்டதாகவே எனக்குத் தெரியவில்லை. அதையும் அவள் கணக்கில்தான் சேர்த்தேன். டம்ளரைக்கூட அவள் வாங்கிப் பிடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். சிரிக்காதே.

கொப்புளத்துக்கு மருந்து போடத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். எஸ்தர் நர்சம்மா கையைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார்.

"ஐயா, இன்னொரு செருப்பு எங்கே?"

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை. கல்லும் முள்ளுமாக அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறேன், காலில் ரத்தம் வந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. நர்சம்மா என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். நீட்டினேன். "அப்படியே வெச்சிருங்க ஐயா, இறக்காதீங்க" என்றார். இறக்கவே இல்லை. அது எனக்கு நிச்சயம். கண்ணைத் திறக்கச் சொன்னபோது இடது கை நீட்டியபடி இருந்தது. வலது கை என் மடியில் கிடந்தது. நான் இறக்கவில்லை நர்சம்மா என்றேன். "தெரியுது ஐயா" என்று சொல்லி அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அவர் பிடித்திருந்ததும் எனக்கு அரைகுறையாகத்தான் தெரிந்தது.

உடனே நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். பேளுக்குறிச்சி பஸ்ஸில் என் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வந்தது சடையண்ணன். நாமக்கல்லில் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையில் சின்ன அடைப்பு, வந்து சில வாரம் ஆகியிருக்கும், வலது பக்கம் பலம் குறைந்திருக்கிறது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். கூடவே ஒரு ரப்பர் பந்து. தினமும் அதை அமுக்கினால் கை திரும்பிவிடும், அமுக்காமல் விட்டால் இப்படியே நின்றுவிடும், தனியாக இருக்கக் கூடாது, அடுத்த தடவை பெரிதாக வரலாம் என்றார் டாக்டர். நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. வலது கை விட்டுக்கொடுத்தது, அதனால் சால் நேராக வந்தது. வலது கால் இழுத்தது, அதனால் அந்தத் தடம். சடையண்ணன் பார்த்த சாய்ந்து நடந்த ஆளும் நான்தான். உன் அம்மாவின் தோளுக்காக நான் செய்த கலப்பை என் நோவுக்கும் அப்படியே பொருந்திவிட்டது. கோணல் சால் வந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். நேராக வந்ததால் சந்தேகமே வரவில்லை. உன் வேலையிலும் வீட்டிலும் எல்லாம் சரியாகப் போகிறபோது, எது அதை அப்படிச் சரியாக வைத்திருக்கிறது என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள், கண்ணு. அதற்கு மேல் அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

விளங்கியதும் நான் பந்தை எடுத்து அமுக்கியிருக்க வேண்டும் அல்லவா? அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டேன். மாத்திரை விழுங்கினேன், பந்தைத் தொடவில்லை. கை நல்லபடி ஆனால் சால் வளைந்துவிடும். சால் வளைந்தால் வலது கைப்பிடியில் யாரும் இல்லை என்று ஆகிவிடும். டாக்டர் சொன்னது உண்மை என்று தலைக்குத் தெரிந்தது. ஆனாலும் பனி இறங்கியதும் கால் தானாக மேட்டுக்கு ஏறியது. அந்தக் கை என் பக்கத்தில் வந்து பிடித்தது. அது என் கைதான் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். சொல்லச் சொல்ல அது அவள் கையாகவே இருந்தது. இப்படியே இருந்துவிடலாம், அடுத்தது பெரிதாக வந்தாலும் இந்தச் சாலிலேயே வரட்டும் என்றுகூட நினைத்தேன்.

நர்சம்மா உனக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டார். அது தப்பில்லை. அன்று நீ போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். திட்டி முடித்த பிறகு மெதுவாகச் சொன்னாய்: "அம்மாவ அந்தக் காட்டுல விட்டுட்டு பஸ் ஏறுனேன். உங்களையும் அங்கயே விட்டுட்டு ஏறச் சொல்றீங்களாப்பா?" போனை வைத்துவிட்டு அரிசி டிரம்மைத் திறந்தேன். பந்தில் ஒட்டியிருந்த அரிசியைத் துடைத்துவிட்டு அமுக்க ஆரம்பித்தேன். அன்றிலிருந்து சாப்பிடும்போதும் அமுக்குகிறேன், கோழி மேய்க்கும்போதும் அமுக்குகிறேன். இந்த எழுத்தும் அதில் சேர்ந்ததுதான். முதல் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார், வரி கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

மிஷினைத் தொடக் கூடாது என்று நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இன்று மத்தியானம் தொட்டேன். கடைசித் தடவை, அவரிடம் சொல்லிவிடாதே. பனி நன்றாக இறங்கியிருந்தது. கலப்பையை மாட்டி ஓட்டினேன். கொஞ்ச தூரம் நேராகப் போனது. பிறகு மிஷின் மெல்ல வலது பக்கம் முகத்தைத் திருப்பியது. நான் வலது கையைத் தளர்த்தி அதை நேராக்கப் பார்த்தேன். எத்தனை பாசாங்கு பண்ணினாலும் வலது கை தானாக இழுத்துப் பிடித்தது. அது என் கை, கண்ணு. கைப்பிடி ரப்பரின் சொரசொரப்பு தெரிந்தது, மிஷினின் நடுக்கம் முழங்கை வரைக்கும் ஏறியது. பக்கத்தில் யாரும் இல்லை. பனிக்குள்ளிருந்து பலாமரம் வந்து மிஷினில் இடித்தது. நிறுத்திவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். அவள் செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அன்றைக்கு வந்தவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

அழுது முடித்து மிஷினைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். கலப்பையைக் கழற்றிச் சுவரில் மாட்டினேன். துணிகளை எடுத்துப் பையில் வைத்தேன், மாத்திரையையும் வைத்தேன். சனிக்கிழமை நீ வந்து ஹாரன் அடிக்க வேண்டியதில்லை, வாசலில் நிற்பேன். சமையற்கட்டில் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் மேட்டிலிருந்து அது கேட்டது. இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம். டங், டங். இரண்டே தட்டு. கலப்பை என் கண் எதிரே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டுகிற இரும்பு எங்கே இருக்கிறது என்று உனக்கும் தெரியும். எட்டிப் பார்த்தேன், பனி வாசல் வரைக்கும் வந்து நின்றிருந்தது. சடையண்ணன் இன்று ஊரிலேயே இல்லை, மலையின் அந்தப் பக்கம் குண்டூர் நாட்டுக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்.

இதை டாக்டரிடம் சொல்லாதே. அவர் இதற்கும் ஒரு மாத்திரை தருவார். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம், எனக்கு இருக்கிற வேலை ஒன்றுதான். அடுப்பைப் பற்றவைத்தேன். டீ போட்டு டம்ளரில் ஊற்றி, மறதியாக வலது கையால் எடுத்தேன். சுட்டது, கண்ணு. தாங்க முடியாமல் கீழே வைக்கிற அளவுக்குச் சுட்டது.